முக்காலை விட்டு இறங்காத முள்

இந்த ரொறன்ரோவில் பனிக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனேஜருக்குப் பயந்தவர்களையும், மாமியாருக்குப் பயந்து ஓவர்டைம் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் டீசல் முடிந்துவிடுமோ என்று முக்கால் அண்ணை பயந்ததுபோலப் பயந்த ஒரு மனிதரை இந்தக் கண்டம் முழுக்கத் தேடினாலும் காட்ட முடியாது.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அஜின்கோர்ட் கட்டடத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள், முக்காலுக்குக் கீழே இறங்க அவர் விட்டதே இல்லை. அதனால் முக்கால் அண்ணை. அவரிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் ட்ரக். அதன் முதுகில் கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் அடங்கிய ஒரு கேம்பர். பார்க்கிங்கில் அது நிற்பதைப் பார்த்தால், ஒரு குடும்பம் ஊரோடு கோபித்துக்கொண்டு வீட்டையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டதுபோல இருக்கும்.

றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைக் கும்பிடப் போனால், போகும்போது ஒருமுறை டீசல், வரும்போது ஒருமுறை டீசல். எல்லாக் காஸ் ஸ்டேஷனிலும் டீசல் இராது. எதில் இருக்கும், எதில் பம்ப் பழுது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், எல்லாரும் அட்சதையோடு எழும்பி நிற்க, இவர் வாசலை நோக்கி ஓடினார்.

"எங்கையண்ணை ஓடுறியள்?"

"முள்ளைப் பாக்காமல் வந்திட்டன் தம்பி. என்ர அரிசியையும் நீயே சேத்துப் போடு!"

யாழ்ப்பாணத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயை ஊற்றி மினிவான் ஓட்டியவர் அவர். "ஒருக்கா ஆக்களோடை நடுவழியிலை நிண்டுபோச்சு" என்று ஒருநாள் சொன்னார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போன வருடம், இரண்டு நாள் ஓட்டத் தூரத்தில் தண்டர் பேயில் இருக்கும் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மனைவி பவளமக்கா முன்னரே விமானத்தில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள், பிள்ளை பெற்ற வீட்டின் தீட்டைக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு அண்ணை கேம்பரில் போகவேண்டும். பேரப்பிள்ளையை முதன்முதலாகத் தூக்கப்போகிறார். துணைக்கு நான். கேம்பருக்குள் அக்கா போனில் சொல்லிச் சொல்லி ஏற்றுவித்த சாமான்கள்: பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கச் சரக்குத்தூள், உழுந்து, வடை சுடுவதற்கு இரண்டு பெரிய கலன் எண்ணெய்.

முதல் நாள் வழியில் கண்ட பம்பையெல்லாம் கும்பிட்டுக் கும்பிட்டுப் போனோம். இரண்டாம் நாள், பெரிய ஏரியின் வடகரையில், அதிசயம் நடந்தது. முள் முக்காலில் நின்றது. ஒரு ஸ்டேஷன் வந்தது, முள் அசையவில்லை. அடுத்ததும் போனது, அதற்கடுத்ததும் போனது, அப்போதும் முக்கால்.

"பாத்தியே தம்பி? வடக்குக் காத்துப் பட்டதும் என்ர வாகனம் டீசலே குடிக்குதில்லை!"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ட்ரக் ஓட்டினார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு பக்கமும் காடு. கடைசி வீடு எங்கேயோ பின்னால் போய்விட்டது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கரடி படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்று கடந்துபோனது. ஒரு ஏற்றத்தில் என்ஜின் இருமியது.

"உது என்ன சத்தம்?" என்றார் அண்ணை. நான் தொண்டையைச் செருமியதாகச் சொல்லலாமோ என்று யோசித்தேன். அது மறுபடி இருமியது. அண்ணை டாஷ்போர்டில் ஒரு குட்டுப் போட்டார். முக்காலில் நின்ற முள் 'டொக்' என்று அடிவரைக்கும் விழுந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது!

அண்ணையின் முகத்தில் இருந்த இரத்தமும் முள்ளோடு சேர்ந்து இறங்கியது. ஓரம் கட்டினார். "டீசல் லைனுக்குள்ளை காத்துப் பூந்தால் என்ஜின் இனி எழும்பாது. ஒருத்தரும் வராயினம். விடிஞ்சால் துடக்குக் கழிவு." பிறகு என்னைப் பார்த்து, என்னிடம் அல்லாமல் வேறு யாரிடமோ சொல்வதுபோல, "ஒருத்தரும் இறங்காதேங்கோ" என்றார்.

வாகனத்தில் அவரோடு நான் ஒருவன்தான் இருந்தேன்.

"அண்ணை, நான்தான். இது கனடா" என்றேன்.

ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். பிறகு மூச்சு விட்டார். "தம்பி, பின்னாலை போய் அந்த எண்ணெயை எடு."

"ஐயோ, அது வடை சுடுற எண்ணெய்! அக்கா எங்கள் ரெண்டு பேரையும் பொரிப்பா."

"பழைய என்ஜின், வெக்கை நாள், உந்த எண்ணெயையும் இழுக்கும். வடை இல்லாட்டிலும் கழிவு நடக்கும். அம்மப்பா இல்லாமல் நடக்கப்படாது. எடு, விசரா!"

இரண்டு கலனும் டாங்கிக்குள் போயின. திறப்பைத் திருப்பினார். ட்ரக் ஒரு குலுக்குக் குலுங்கி, கறுப்பாக ஒரு ஏப்பம் விட்டுப் புறப்பட்டது. புகைக்குழாயில் இருந்து அசல் கல்யாண வீட்டு வாசம். பசியும் வந்தது; பயமும் வந்தது. கண்ணாடியில் பின்னாலே பார்த்தபடி கேட்டேன்:

"அண்ணை, கரடி வடை தின்னுமோ?"

"தின்னாது." கொஞ்சம் யோசித்தார். "யன்னலைச் சாத்து."

அடுத்த ஊர் வரும்வரை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். காஸ் ஸ்டேஷனில் வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளை வெளியே வந்து, யாரோ டோனட் பொரிக்கிறார்களாக்கும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் வாகனத்தைச் சுற்றி வந்தாள். அண்ணை டீசல் பம்பைக் கட்டிப்பிடிக்காததுதான் குறை.

துடக்குக் கழிவுக்கு வடை இல்லை. பவளமக்கா வாசலிலேயே தொடங்கினார்: "எண்ணெய் எங்கையப்பா? ரெண்டு கலனையும் என்ன செய்தனீங்கள், குடிச்சனீங்களே?" அண்ணை பேத்தியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இப்போது அவர் பேத்தியோடு தண்டர் பேயிலேயே தங்கிவிட்டார். ஞாயிறு தோறும் போன் வரும். சுகம் கேட்பதெல்லாம் பிறகுதான்.

"தம்பி, முள் எங்கை நிக்குது?"

"முக்காலுக்கு மேலை, அண்ணை."

என்னுடைய கார் டீசல் அல்ல, மின்சாரம். அவருக்கும் அது தெரியும். என்றாலும் போனை வைத்ததும் கீழே இறங்கிப் போய், சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் வந்து படுப்பேன்.