பெட்டி மாஸ்டரின் ‘ம்ம்’

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். போத்தனூரில் நாலு தகரத்தைச் சாய்த்துவைத்து மோட்டார் வைண்டிங் பட்டறை போட்டேன். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்ற மெஷின் வாங்க வழியில்லை. பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு நானே செய்துகொண்டேன். கரிக்கட்டையாக வந்த கிணற்று மோட்டார்களை எழுப்பி உட்காரவைத்து ஓடவிட்டேன். இன்றைக்குத் துடியலூர்ப் பக்கம் என் ஷெட்டில் இன்ஜினீயரிங் படித்தவர்கள் எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் காபி குடிக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பாக்குத் தோப்புகளில் தண்ணீர் பாய்கிறது என்றால் அதில் என் கைக்குப் பாதிப் பங்கு உண்டு. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்கு இல்லாமல் வேறு எதற்குச் சொல்வார்கள்?

இத்தனை காயில் சுற்றியும் ஒன்றே ஒன்றுக்குத்தான் பாட்டு வந்தது. அதைச் சுமந்தவர் பெட்டி மாஸ்டர். உலகத்தில் கிட்டார் வாசிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். கிட்டாரை மனைவி தோளில் மாட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தான் சுமந்து நடந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய உண்மைப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் இருந்ததாகச் சொல்வார்கள். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பார், முகூர்த்த நாளில் ரிசப்ஷனில் வாசிப்பார், மற்ற நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். பட்டறையில் என்னைத் தவிர ஈ கூட வேலை பார்க்காத காலத்தில் என்னை “மொதலாளி” என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். கேலிக்குத்தான் கூப்பிட்டார். நான் நிஜமென்று எடுத்துக்கொண்டேன். பிறகு நிஜமாகவே ஆக்கிவிட்டேன்.

அவருடைய ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார்.

“ஏனுங் மொதலாளி, சின்னதா ஒண்ணு சுத்திக் குடுங். நெம்ப வெயிட்டு ஆகாதுங், நான்தான் தூக்கோணும்.”

“உக்காருங் மாஸ்டர். மத்தியானத்துக்குள்ள ஆயிரும்.”

உட்காரச் சொன்னதுதான் வினை. ஸ்டூலை என் முழங்காலுக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, முந்தின நாள் ரிசப்ஷனில் ஒரு பாடகர் எப்படித் தாளத்தை விட்டுவிட்டு ஓடினார் என்று தொடையில் தட்டியும் பாடியும் காட்ட ஆரம்பித்தார். சுற்றில் எனக்கு எண்ணிக்கை நழுவியது.

“மாஸ்டர், கொஞ்சம் வாயை மூடுங். கணக்குத் தப்புது!”

“தப்புனா என்னுங், இன்னும் கொஞ்சம் சேத்திச் சுத்துங். கம்பிக்கா பஞ்சம்?”

சேர்த்துச் சுற்றினேன். அவர் பேசப் பேசச் சேர்ந்துகொண்டே போனது. அவர் கேட்டது சின்னது. கேட்டதைக் கொடுத்தால் அது வியாபாரம். கேட்டதற்கு மேல் கொடுத்தால் அதுதான் நான். ஒரு கிணற்றையே இறைக்கும் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தயாரானது. பெட்டியில் வைத்து ஸ்விட்சைப் போட்டதும், ‘ம்ம்ம்…’ என்று ஒரு சத்தம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த எருமை பெருமூச்சு விடுவதைப் போல. மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். “உசுரு வந்துருச்சுங்” என்றார். அவ்வளவுதான், தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. “வாசிக்கறவன்தான் தூக்கோணும். தூக்க முடியாதவன் வாசிக்கப்படாது” என்பது அவர் சட்டம். சட்டத்துக்குக் காரணமும் உண்டு. ஒரு மண்டபத்தில் யாரோ உதவி செய்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பந்தி நடக்கிற இடத்தில் வைத்துவிட, பெண்ணின் மாமா அதன்மேல் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். மாஸ்டர் போய், “ஏனுங் மாமா, எந்திரிங்” என்றதற்கு, “ரசம் வரட்டுங் தம்பி” என்றாராம். ரசம் வந்து, மோர் வந்து, அவர் எழுந்த பிறகுதான் ரிசப்ஷனில் பாட்டே ஆரம்பமானது.

இன்னொரு கூத்து. பாட்டு நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். எல்லாரும் விட்ட இடத்தில் பிடிக்க, மாஸ்டர் மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டு எல்லாத் தந்தியையும் இழுத்து முறுக்கினார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், பாட்டே ஒரு படி மேலே போய்விட்டது. பாடிக்கொண்டிருந்தவர் எட்டிப் பிடிக்கப் போய், கழுத்து நரம்பெல்லாம் வெளியே வந்து, மைக்கை மாஸ்டர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். “ஏனுங் இப்படிச் செஞ்சீங்?” என்றால், “பெட்டி மேல போயிருச்சுங், நான் என்ன பண்றது?” என்றார். அப்போது யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துவிட்டு விட்டோம்.

இப்படியே ஊரெல்லாம் தூக்கிச் சுமந்தவருக்குப் போன வருஷம் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆனது. இனி தண்ணிக் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் என் டிரைவரை அனுப்புகிறேன், காரிலேயே போகலாம், பெட்டியை அவன் தூக்குவான் என்றேன்.

“அப்ப உங்க டிரைவரே வாசிச்சுப்போடட்டுமுங்” என்றார்.

தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டார். இலேசான பெட்டி கிடைத்தால் வாசிப்பு உண்டு. இல்லையென்றால் கிட்டாருக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான். அவர் வீட்டம்மா என்னிடம் வந்து, “அண்ணா, எப்படியாச்சும் ஒண்ணு வாங்க வெச்சுருங். ஊட்ல சும்மா உக்காந்தா என்ற சமையலுக்குத் தாளம் போடறாருங்” என்று அழாக்குறையாகச் சொன்னது.

காந்திபுரத்தில் ஒரு மியூசிக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடையில் இருந்த பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு உடனே பிடித்துப் போனது. செங்கல் சைஸிலிருந்து பீரோ சைஸ் வரைக்கும் காட்டியது.

“இதுல அம்பது டோன் இருக்குங் அங்கிள். போன்லயே மாத்திக்கலாம்.”

“எனக்கு ஒண்ணு போதும் கண்ணு. மொதல்ல பஸ்ஸுக்கு ஆகுமான்னு பாக்கோணும்.”

எந்தப் பெட்டி டவுன் பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து, கண்டக்டர் லக்கேஜ் என்று கேட்காமல் போத்தனூர் சேர்கிறதோ, அதுதான் அவர் கணக்கில் தூக்கிப்போகிற பெட்டி. கடை நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒட்டிப் போடச் சொன்னார். ஜன்னலோரம் நான். எனக்குப் பக்கத்தில் பெட்டியும் கையுமாக அவர்.

“இன்னும் நெருக்குங் மொதலாளி. காலையில கூட்டம் இப்படியா இருக்கும்? அம்மணி, நீதான் கண்டக்டர்.”

அந்தப் பெண் தோளில் பையை மாட்டிக்கொண்டு, “உள்ள போங், உள்ள போங்! பெரியவரே, அதென்ன மடியில, கோழியா?” என்றது.

“பிரேக் போடு கண்ணு!”

நாற்காலியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியது. நான் கீழே விழுந்தேன். துடியலூரில் எனக்கு வணக்கம் வைக்கும் இன்ஜினீயர்கள் யாரும் அன்றைக்குக் கடைக்கு வரவில்லை, கடவுள் இருக்கிறார். நாலாவதாக வைத்த ஒரு குட்டிப் பெட்டி பிரேக்குக்கும் அசையாமல் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. பஸ் பாஸாகிவிட்டது. இனி சத்தம்.

வயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். வாசிக்கவில்லை. காதைப் பெட்டிமேல் வைத்துக் காத்திருந்தார்.

“அம்மணி, இது செத்துக் கெடக்குது.”

“ஆன்லதான் இருக்குங் அங்கிள். சத்தமே இருக்காது, அதுதான் இதுல ஸ்பெஷல்.”

தந்தியைத் தட்டினார், முறுக்கினார், மறுபடி தட்டினார். வாசித்த பாட்டு வழி தெரியாமல் அங்கும் இங்கும் அலைந்தது. ஒவ்வொரு பெட்டியாக வைத்துப் பார்த்தும் அதே கதை. அந்தப் பெண்தான் கண்டுபிடித்தது. “உங்க பழைய பெட்டி ‘ம்ம்’னு இரையுங்களா? அதை வெச்சுத்தான் இவ்வளவு நாளும் சுருதி சேத்திருக்கீங் அங்கிள். பாட்டு வாத்தியாருக்குத் தம்புரா மாதிரி.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். ஜெனரேட்டர் போட்ட அன்றைக்குப் பாட்டு ஏன் மேலே போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜெனரேட்டர் வேகமாக ஓடினால் ‘ம்ம்’ ஏறும். ‘ம்ம்’ ஏறினால் மாஸ்டரும் ஏறித்தானே ஆக வேண்டும்?

“ஆனா அது ஃபால்ட்டுங்” என்று அந்தப் பெண் முடித்தது. “யாரோ டிரான்ஸ்ஃபார்மரைத் தப்பாச் சுத்தியிருக்காங்க.”

“யாரைப் பாத்து ஃபால்ட்டுங்கற அம்மணி? ஒரு மனுசன் அதை வெச்சு ஊரையே பாடவெச்சிருக்காரு! உன்ற அம்பது டோன்ல அந்த ஒண்ணு இருக்கா?” என்று பாய்ந்தேன் நான்.

இல்லை. அதுதான் சங்கடம். குட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தூக்க முடியாத பழைய பெட்டியை வீட்டிலும் போட மாட்டேன் என்றுவிட்டார்; கிட்டார் உறைக்குள் போனது. அவர் வீடு என் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டு. சாயங்காலமானால் முதலில் ‘ம்ம்’ வரும், பிறகு பாட்டு வரும். அது நின்றுபோனதும் எனக்கு டீ இறங்கவில்லை. டிவி போட்டால் எரிச்சல். மகனைக் காரணமில்லாமல் திட்டினேன். அவன் என்னைக் காரணத்தோடு திட்டினான்.

சரி, ‘ம்ம்’ மட்டும்தானே வேண்டும், அதை மட்டும் குட்டியாகச் சுற்றிக் கொடுத்துவிடலாம் என்று ஷெட்டில் உட்கார்ந்தேன். சுற்றி முடித்துக் கரண்ட் கொடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. இன்னொன்று சுற்றினேன். அதற்கும் மூச்சில்லை. என் கைக்கு இத்தனை வருஷத்தில் சுத்தம் வந்துவிட்டது. வேண்டுமென்றே மோசமாகச் சுற்றினாலும் நன்றாகவே வருகிறது. ஷெட்டில் இருந்த இன்ஜினீயர்கள், “சூப்பருங் ஐயா, சத்தமே இல்ல” என்று கை தட்டினார்கள். அவர்களை டீ வாங்கிவர அனுப்பிவிட்டேன்.

பிறகு யோசித்தேன். அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? கம்பி அதே கம்பி. கை அதே கை. காரை அனுப்பி மாஸ்டரை வரவழைத்தேன். ஸ்டூலை என் முழங்காலுக்கு ஒட்டிப் போட்டேன்.

“உக்காருங் மாஸ்டர். பேசுங்.”

“என்னத்தைப் பேசறதுங்?”

“அந்தத் தாளம் உட்டுட்டு ஓடுன பாடகன் கதையைச் சொல்லுங்.”

“அதை அன்னைக்கே சொல்லிப்போட்டனே.”

“அன்னைக்கு எனக்கு எண்ணிக்கையில கவனமுங். சரியாக் கேக்கல.”

ஆரம்பித்தார் மனிதர். தொடையில் தாளம் போட்டார், என் சுற்றுக்குக் குறுக்கே கையை நீட்டினார், பாதியில் எழுந்து பாடகரைப் போல ஓடியும் காட்டினார். எனக்கு எண்ணிக்கை தப்பியது. கத்தினேன். “கம்பிக்கா பஞ்சம்?” என்றார். காயில் கோணலும் மாணலுமாக வந்து நின்றது. கரண்ட் கொடுத்தேன்.

‘ம்ம்ம்…’

அதே எருமை. கொஞ்சம் சின்ன எருமை, அவ்வளவுதான். மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வார்னிஷ் வாசம் நெம்ப நெடிங்” என்றார்.

அதை ஓர் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் பொருத்தி, பத்திரமாக ஒயர் இழுத்து, பிளக் வைத்துக் கொடுத்தேன். டப்பா கூடச் சேர்ந்து இரைந்ததில் பழையதைவிட ஒரு பிடி இனிமை கூடியிருக்கிறது; மறுப்பவர்கள் என்னிடம் வரலாம். அடுத்த ஞாயிறு குட்டிப் பெட்டியை மடியிலும் டப்பாவை அதன்மேலும் வைத்து டவுன் பஸ்ஸில் போனார். காரில் கூப்பிட்ட நானும் பஸ்ஸில்தான் போனேன், ஜன்னலோரம்.

கண்டக்டர் டப்பாவைப் பார்த்து, “சாப்பாடுங்களா?” என்றார்.

“சுருதிங்” என்றார் மாஸ்டர்.

லக்கேஜ் கேட்கவில்லை.

சர்ச்சில் அன்றைக்கு அப்படி வாசித்தார். முடிந்ததும் எல்லாரும் சுற்றிக்கொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? “எல்லாம் புதுப் பெட்டிங்.” அவ்வளவுதான். பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன், ஒரு கண்ணசைவுகூட இல்லை. இன்றுவரை அதே பேச்சுத்தான்.

அதனால் பத்திரிகையில் எழுதியே கேட்கிறேன். போத்தனூர்ப் பக்கம் ஏதாவது ரிசப்ஷனில் ஒரு வயதானவர் டிபன் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக் கிட்டார் வாசித்தால், கைதட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். வாசிப்பு பூராவும் அவருடையது, அதில் எனக்கு ஒரு பங்கும் வேண்டாம். அடியில் ஓடும் அந்த ‘ம்ம்’ என்னுடையது. அதை அவர் மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அவசரமில்லை. தினம் சாயங்காலம் அடுத்த காம்பவுண்டிலிருந்து அது கேட்ட பிறகுதான் நான் டீ குடிக்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருக்கிறேன்.