பெயர் போகாத ஆறு கார்கள்

"சா...ன்... க...ஸ்...பார்." நகராட்சி வக்கீல் பெக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "படிக்க முடியுதே, எர்லிண்டா."

எர்லிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து முடி உலர்த்தும் மெஷினால் சூடுகாட்டி, ஆறு போலீஸ் கார்களின் கதவுகளிலிருந்தும் நகம் தேயத் தேய ஸ்டிக்கரை உரித்திருந்தாள். ஸ்டிக்கர் போய்விட்டது, பெயர் போகவில்லை. பத்து வருடப் பாலைவன வெயிலில் வண்டியெல்லாம் நீலம் வெளுத்துவிட்டது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நீலம் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. நேற்றுவரை வெள்ளையில் இருந்த 'போலீஸ், சான் கஸ்பார்' இன்றைக்குக் கருநீலத்தில் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

"சார், இது எழுத்தில்ல. எழுத்தோட நிழல்."

"நன்கொடையா போற வண்டியில நம்ம ஊர்ப் பேரை எந்தக் கோணத்துல பார்த்தாலும் படிக்க முடியக் கூடாது. இது நகரசபைத் தீர்மானம். நிழலா இருந்தா பரவாயில்லைன்னு அதுல எங்கயும் போடல."

"வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டுக்குள்ள வண்டி போகலைன்னா?"

"சனிக்கிழமை ஏலம்." சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

இந்த ஆறு கார்களை வேலிக்கு அந்தப் பக்கத்துப் போலீசுக்கு இனாமாக வாங்கித் தர, நகராட்சி வண்டிக் கொட்டகையின் குமாஸ்தா எர்லிண்டா மூன்று வருடம் நாயாய் அலைந்திருந்தாள். அரிசோனா ஓரத்து இந்த ஊரில் யாரும் மெக்சிகோ என்று சொல்வதில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். எர்லிண்டா பிறந்தது அந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். அவள் அக்கா சாயோ அந்தப் பக்கமே மளிகைக் கடை வைத்திருந்தாள். சாயோவுக்கு வர வேண்டிய தபாலில் பாதி எர்லிண்டா வீட்டுக்குத்தான் வரும். தபால்காரர்கள் லட்சணம் அப்படி.

சாயோவின் கடையில் இதுவரை நான்கு தடவை திருட்டுப் போயிருந்தது. நான்காவது தடவை எடுக்க ஒன்றும் இல்லாமல் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்துப் போலீசுக்கு ஓடுகிற வண்டி ஒன்றுகூடக் கிடையாது. புகார் கொடுத்தால் பஸ்ஸில் வருவார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குடல் சூப்பை ஊற்றிக்கொண்டே சாயோ ஆரம்பிப்பாள். "நீ அங்க நாற்காலியத் தேய்ச்சு என்னடி புண்ணியம்? உங்க கொட்டகையில வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்குது. இங்க போலீஸ்காரன் திருடனுக்கு அப்புறம் மூணு மணி நேரம் கழிச்சு வந்து, 'அடுத்த பஸ் எப்போ?'ன்னு என்னைக் கேக்குறான்!"

அந்த வாயை அடைக்கவாவது வண்டிகள் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.

மெக்கானிக் தாச்சோ கதவைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மேடம், ஒரு ஐடியா. இந்த வண்டிக் கதவை அந்த வண்டிக்கும், அந்த வண்டிக் கதவை இந்த வண்டிக்கும் மாத்திட்டா?"

"எல்லாக் கதவுலயும் ஒரே பேருதானேடா இருக்கு?"

தாச்சோ யோசித்தான். "ஆமால்ல."

அப்போது போன் அடித்தது. அந்தப் பக்கத்துக் கமாண்டர் கிஹாதா. பொறுமையான மனிதர், ஒரு வாக்கியத்தைத் தொடங்கவே அரை நிமிடம் ஆகும். "வணக்கம் செனோரா. அந்தக் கதவுல இருக்கிற எழுத்து விஷயமா ஒரு வார்த்தை..."

"தெரியும் கமாண்டர்! எடுத்துக்கிட்டுதான் இருக்கோம். அவசரப்படுத்தாதீங்க!" படக்கென்று வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பாலிஷ் போட்டார்கள். கை ஓயும்வரை தேய்த்தார்கள். வெளுத்த இடம் வெளுத்தபடியே இருந்தது, எழுத்து மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தது. சாலையில் போன ஒருவன் வண்டியை நிறுத்தி, "புது போர்டா? அம்சமா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனான்.

பெக் வந்தார். கண்ணாடியை ஏற்றினார். "சா...ன்..."

"படிக்காதீங்க சார்!" என்று கத்தினாள் எர்லிண்டா.

புதன்கிழமை, பெயின்ட் அடித்தே தீருவது என்று முடிவாயிற்று. புது பெயின்ட் வாங்க டெண்டர் விட வேண்டும், அதற்கு ஆறு வாரம். கிடங்கில் ஏற்கெனவே இருப்பது சாலையில் கோடு போடுகிற மஞ்சள் பெயின்ட் ஒன்றுதான்.

"மஞ்சளா?" என்றான் தாச்சோ.

"பச்சையோ மஞ்சளோ, மூடுனா சரி. அடி!"

அடித்தான். எழுத்து மறைந்தது. பெக் குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், முட்டி போட்டும் பார்த்தார். "படிக்க முடியல" என்றார், ஏதோ சொத்தை இழந்த மாதிரி.

அன்று மாலை கமாண்டர் திரும்பக் கூப்பிட்டார். "செனோரா, அந்த எழுத்தை நீங்க..."

"ஒரு எழுத்து மிஞ்சாது, கமாண்டர். என் அம்மா மேல ஆணை. போதுமா?" அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. நன்றிப் பெருமூச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பெயின்ட் காயட்டும் என்று வண்டிகளைச் சாலையோரம் நிறுத்தினார்கள். பதினைந்தாவது நிமிடம் கொட்டகை வாசலில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டாவது காரின் பின்சீட்டில் காய்கறிப் பையோடு இரண்டு அம்மாக்கள்.

"எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கோம், டிரைவர் எங்க?"

"இது டாக்சி இல்லம்மா, போலீஸ் கார்! இறங்குங்க!"

"எப்படி இறங்கறது? கதவுதான் உள்ளேருந்து திறக்க மாட்டேங்குதே! நாங்க என்ன குத்தம் பண்ணினோம்?"

இருவரையும் எர்லிண்டா தன் சொந்தக் காரில் ஏற்றி வீடுவரை கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. பாவாடையில் ஒட்டிய சாலை பெயின்ட் ஏழு ஜென்மத்துக்கும் போகாது என்று வழி நெடுக அர்ச்சனை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு வண்டிகளும் வரிசையாக எல்லை வாசலில் நின்றன. தாச்சோ ஒன்றை ஓட்டினான். மீதியை நகராட்சித் தோட்டக்காரர்கள் ஓட்டிவந்தார்கள். அந்தப் பக்கத்துச் சுங்க அதிகாரிப் பெண் கையில் பேப்பரோடு ஒருமுறை முன்னும் பின்னும் நடந்தாள்.

"இதுல 'நீல நிற போலீஸ் கார் ஆறு'ன்னு இருக்கு. இங்க ஆறு டாக்சி நிக்குது."

"டாக்சி இல்லீங்க. கதவு மட்டும்தான் மஞ்சள்."

"மஞ்சள் கதவுன்னா எங்க பக்கம் டாக்சி. டாக்சி கொண்டுவர வேற மனு. அந்த அறை திங்கட்கிழமை திறக்கும்."

எர்லிண்டா அப்படியே வண்டியின் மூக்கில் சாய்ந்துவிட்டாள். மூன்று வருடம்! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கம்பி வேலிக்கு அப்பால் சாயோ கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருப்பது வேறு தெரிந்தது.

"மஞ்சள் இல்லைன்னா விடுவீங்களா?"

"மஞ்சள் இல்லைன்னா விடுவேன்."

"தாச்சோ! சுரண்டுற மெஷினை எடு. உப்புத்தாளை எடு. எல்லாரும் இறங்குங்கப்பா!"

வெட்டவெயிலில், எல்லை வாசலில், பின்னால் நின்ற லாரிகளெல்லாம் ஹாரன் அடிக்க அடிக்க ஏழு பேர் சுரண்டினார்கள். மஞ்சள் போனது. அடியிலிருந்து மறுபடியும் 'சான் கஸ்பார்' எட்டிப் பார்த்தது.

"இன்னும் சுரண்டு!" என்று அலறினாள் எர்லிண்டா. "சனியன், தகடு வர்றவரைக்கும் சுரண்டு!"

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவுகள் கழுவிக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரங்களாகப் பளபளத்தன. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஒரு புள்ளி எழுத்தும் இல்லை. பெக் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சுங்கப் பெண் முத்திரை குத்தினாள். வண்டிகள் உருண்டு அந்தப் பக்கம் போய்விட்டன, பின்னாலேயே எர்லிண்டாவும் போனாள்.

சாயோ ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "பரவாயில்லடி எர்லி. வாழ்க்கையில முதல் தடவையா சொன்னதைச் செஞ்சுட்ட. இன்னிக்குச் சாயங்காலமே என் கடைப்பக்கம் ரோந்து வரும்ல?"

"வராம? கமாண்டர், சொல்லுங்க!"

கமாண்டர் கிஹாதா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் வெள்ளை பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒரு கிழவர், கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர், தகட்டை உள்ளங்கையால் தடவித் தடவி எதையோ தேடினார்.

"ஒண்ணையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்றார் கிழவர். "பழைய எழுத்தோட கோடு பிடிச்சு அப்படியே வெள்ளையைப் பூசு, 'போலீஸ்'ல கடைசி எழுத்தை மட்டும் நம்ம பாஷைக்கு மாத்து, சாயங்காலம் வண்டி கிளம்பட்டும்னு கமாண்டர் சொன்னாரு. இனிமே கதவுக்கு நீலம் அடிச்சு, காய வெச்சு, அளவெடுத்து, புதுசா எழுதணும். பத்து நாள் ஆகும். பேர் இல்லாத வண்டி எங்க பக்கம் ரோந்து போகக் கூடாது."

"பத்து நாளா!" என்றாள் சாயோ. "அதுவரைக்கும் பஸ்தானா?"

ஐந்து நாள் வெயிலும் எர்லிண்டாவின் தலைக்கு ஒன்றாக ஏறியது. "யோவ் பெரியவரே, நான் என்ன பாடுபட்டு அழிச்சேன் தெரியுமா? எங்க ஊர்ப் பேர் மேல நீங்க எதுக்குய்யா வெள்ளை பூசணும்?"

கிழவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலிக்கு அந்தாண்டையும் சான் கஸ்பார், இந்தாண்டையும் சான் கஸ்பார். நீ எந்த ஊரும்மா?"