ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ரேட்

"மூணு புள்ளி நாலு ரெண்டு" என்றார் ரேட்டு, கண்ணைக்கூடத் திறக்காமல்.

மேனேஜர் அதை அப்படியே கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதற்கும் ஒருமுறை சரிபார்க்கலாமே என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இறக்குமதி அலுவலகத்தில் டாலரின் பழைய மதிப்பு தேவைப்பட்டால் மூலை மேசைக்குப் போய்த் தேதியைச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஒரு டாலருக்கு நம் பணம் எவ்வளவு என்று இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் பார்த்து மண்டையில் ஏற்றிக்கொண்டவர் அவர். அதனால் ஆபீசில் அவருக்கு 'ரேட்டு' என்றே பெயர்; சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நேற்று வைத்த மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற நமக்கெல்லாம் அவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

விஷயம் சின்னதுதான். பதினேழு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வாங்கிய அச்சு இயந்திரத்தை, அதைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனியே காட்சிக்கு வைக்கத் திரும்பக் கேட்டது. வாங்கிய அன்றைய ரேட்டிலேயே விலை தருவதாகப் பேச்சு.

நான்காம் நாள் அந்தக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. மத்திய வங்கியின் கணக்குப்படி அன்றைய ரேட் மூன்று புள்ளி ஒன்று ஒன்பதாம்.

"வங்கி தப்பாப் போட்டிருக்கு சார்" என்றார் ரேட்டு.

"மத்திய வங்கியா?"

"ஏன், அவங்களும் மனுஷங்கதானே?"

மேனேஜர் நம்பினார். பதிவைத் திருத்துங்கள் என்று மத்திய வங்கிக்கே கடிதம் போனது. மறுநாள் அங்கிருந்து ஓர் ஆவண அதிகாரி தொலைபேசியில் வந்தார். குரலில் கிண்டல் இருந்தது.

"யாருங்க அது, எங்களைத் திருத்தறவர்? எட்டாம் தேதி ரேட் சொல்லுங்க பார்ப்போம்."

"மூணு புள்ளி ஒண்ணு எட்டு. பத்தாம் தேதி மூணு புள்ளி ரெண்டு சைபர். ரெண்டும் உங்ககிட்ட சரியா இருக்கும்."

இருந்தது. அதிகாரி பத்துத் தேதிகள் கேட்டார். பத்துக்கும் பதில் வந்தது. பத்தாவதில் வங்கியின் வலைத்தளத்தில் இருந்த எண்ணும் இவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. அதிகாரி பழைய பேரேட்டை எடுத்துப் புரட்டினார். அச்சுப் பிழை வலைத்தளத்தில்தான்! குரலில் இருந்த கிண்டல் போய், "ஐயா" வந்துவிட்டது.

"ஆனா ஐயா, ஒன்பதாம் தேதிக்குப் பேரேட்டுலயும் மூணு ஒண்ணு ஒன்பதுதான் இருக்கு."

வங்கி அந்த வலைத்தளப் பிழையை நாணயமாக ஒப்புக்கொண்டு அறிவிப்பு வெளியிட்டது. அதைப் படித்த வெளிநாட்டுக் கம்பெனி, இனி எந்த ரேட்டை நம்புவது என்று கேட்டுப் பேரத்தையே நிறுத்தி வைத்தது. மேனேஜர் ரேட்டின் மேசைக்கு வந்தார்.

"ஒரே நாள்ல அவ்வளவு ஏறி, மறுநாளே இறங்குமா? கொஞ்சம் யோசிங்க."

"யோசிக்க என்ன சார் இருக்கு? நேத்து நடந்த மாதிரி இருக்கு. நான் நிக்கறேன், எல்லாரும் இப்படியும் அப்படியும் ஓடறாங்க. யாரோ கதவத் திறந்து நம்பரைச் சொன்னாங்க. நம்ப முடியாம இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"டாலர் ஏறினதுக்கா அழுதீங்க?"

"அவ்வளவு ஏறினா அழ மாட்டாங்களா?"

மேனேஜர் அவரை ஒரு மாதிரி ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வைதான் ரேட்டைச் சுட்டது. இருபத்திரண்டு வருடத்தில் தன்னை யாரும் சந்தேகத்தோடு பார்த்ததில்லை. மேசைக்குப் போய் ராஜினாமா எழுதிக்கொண்டு வந்தார்.

"ஒரு ரேட் தப்புன்னா எல்லா ரேட்டும் தப்பு சார். அப்புறம் நான் எதுக்கு இங்க?"

மேனேஜர் பதறிவிட்டார். "அந்த நம்பர் எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு துண்டுக் காகிதம் காட்டுங்க போதும். இதக் கிழிச்சுப் போட்டுடறேன். வாங்க, உங்க வீட்டுக்கே போவோம்."

வீட்டில் பழைய காகிதங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் அதை இழுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மனைவி மேனேஜருக்குக் காப்பி கொடுத்தாள். கூடவே கொஞ்சம் மனக்குறையும்.

"ஆபீஸ்ல இவர் மூளையைப் பத்திப் புகழறீங்களே, இங்க வந்து கேளுங்க சார். கல்யாண நாள் தெரியாது. பொண்ணு எந்த வகுப்புன்னு தெரியாது. ஸ்கூல் ஃபாரத்துல அவ பொறந்த தேதிக்கு நேரா அன்னிக்குத் தேதியப் போட்டுக் கொடுத்தவர். அந்தத் தலையில டாலருக்கு மட்டும்தான் இடம். எங்களுக்கு ஒரு ஓரம்கூட இல்ல."

ரேட்டு மறுக்கவில்லை. மறுக்க ஒரு தேதியாவது ஞாபகம் இருக்க வேண்டுமே. மேனேஜரின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த ராஜினாமாவைப் பார்த்தார். வேலையும் போய், வீட்டிலும் இந்தப் பெயரோடு உட்கார வேண்டியதுதான்.

"அப்பா, எந்த நம்பர் தேடறீங்க?" என்றாள் மகள்.

"மூணு புள்ளி நாலு ரெண்டும்மா. ஆகஸ்ட் ஒன்பது."

மகளின் கை நின்றது. பெட்டியின் அடியில் இருந்து, ஓரம் மடங்கிய ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே ஓர் ஆஸ்பத்திரியின் முத்திரை இருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் இருந்த தட்டு சாய்ந்து டம்ளர் உருண்டது. அதை எடுக்க அவள் குனியவே இல்லை.

மகள் அட்டையை மேனேஜரிடம் நீட்டினாள். பார்வை மட்டும் அப்பாவை விட்டு நகரவில்லை.

"அப்பா, இது டாலர் ரேட் இல்லப்பா. நான் பொறந்தப்போ என்னோட எடை."