கிளாவரைக் குழாயடிக்கு வந்த கல்யாணக் கூட்டம்

கொடைக்கானல்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க விசாலாட்சி அத்தைக்கு, தமிழ்மதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே பனிமூட்டத்தையும் என் ஜலதோஷத்தையும் தவிர யாவும் நலம். அய்யம்பாளையத்தில் மாமாவின் முழங்காலும் தென்னைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பழனி வரன் வீட்டாருக்குக் கொடுக்க என் படம் கேட்டிருந்தீர்கள். குடும்பப் படங்களில்கூட நான் தூணுக்குப் பின்னால் நிற்பவள். என் படம் எவர் கைக்கும் போகாது, மன்னியுங்கள். ஆனால் ஊரார் படத்துக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

டென்மார்க்கிலிருந்து வந்த உதவியில் எங்கள் தொண்டு நிறுவனம் கிளாவரை என்ற மலைக்கிராமத்தில் கீழத்தெருவுக்குக் குழாய் போட்டது. அதனால் என்ன மாறியது என்று கதையும் படமும் அனுப்பினால்தான் மேலத்தெருவுக்கும் பணம் வரும். அங்கே பெண்கள் இன்னும் வழுக்குப் பாதையில் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமக்கிறார்கள். வெள்ளனே முதல் பஸ்ஸில் போய், தண்ணீர் பிடிப்பதைப் படமெடுக்க வந்திருக்கிறேன், டென்மார்க்கில் பார்ப்பார்கள் என்று சொன்னேன். சொன்னதுதான் தாமதம், குழாயடி காலி. திரும்பி வந்தபோது அத்தனை பேரும் கல்யாணப் பட்டில், இரவல் நெக்லஸ் சகிதம். குழாய்க்கு மஞ்சள், குங்குமம், முழங்கால் தடிமனில் சாமந்தி மாலை. எப்போதும்போல நில்லுங்கள் என்று கெஞ்சினேன். முன்வரிசையில் நின்ற சின்னத்தாயி அக்கா முறைத்தார்.

“பணம் அனுப்புனவுக பாக்கப் போறாக. அழுக்குச் சேலையோட நின்னா, குடுத்தது வீணாப்போச்சேன்னு அவுக மனசு சங்கடப்படாதா தாயி?”

சரி, மேலத்தெருக் கஷ்டத்தையாவது எடுக்கலாம் என்று ஓடைக்கு ஓடினால், பொன்னுத்தாய் அக்கா அரக்குப் பட்டில், புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடத்தோடு மகாராணிபோல ஏறி வருகிறார். நான் வாயைத் திறக்குமுன், “அவளுக பட்டுல நிப்பாளுக, எங்கள மட்டும் கந்தலோட எடுப்பியாக்கும்?” என்றார். அப்படியே எடுத்தேன் அத்தை, அனுப்பினேன். டென்மார்க்கிலிருந்து வந்த பதில்: திருமணப் படங்கள் அருமை, மணமகளுக்கு எங்கள் வாழ்த்து, குழாய்ப் படங்களை எப்போது அனுப்புவீர்கள்?

மறுபடியும் பஸ். இந்தத் தடவை குழாயை எப்படித் திறக்க வேண்டும், எப்படி இயல்பா நிக்கணும்னு நானே செஞ்சு காட்டப் போய், மலைத்தண்ணி வந்த வேகத்துல மூஞ்சி, முடி, சுடிதார் எல்லாம் தொப்பல். ஊரே சிரிக்குது, நானும் வாயைப் பொளந்து சிரிக்கிறேன், என் போனையே கையில வச்சுக்கிட்டு சின்னத்தாயி அக்கா டப்பு டப்புன்னு அமுக்குறாக. அதை அழிச்சுட்டேன்னுதான் நெனைக்கிறேன். மத்ததையெல்லாம் மொத்தமா அனுப்பி, பட்டு ஏன் உடுத்தினார்கள் என்றும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்: தூரத்திலிருந்து பார்க்க வரும் விருந்தாளிக்கு யாராவது கந்தலோடு கதவைத் திறப்பார்களா? பதில் இன்னும் வரவில்லை.

மாமாவுக்கு வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். உங்கள் ஆசி என் ஜலதோஷத்துக்கும் மேலத்தெருவுக்கும் சேர்த்தே வேண்டும்.

இப்படிக்கு,
தமிழ்மதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பதில் வந்துவிட்டது. மேலத்தெருவுக்குப் பணம் உறுதி! போனில் சொன்னதும், குழாய்க்குப் பள்ளம் தோண்டப் பொன்னுத்தாய் அக்கா இப்போதே மண்வெட்டியோடு நிற்கிறாராம். எங்கள் கதை டென்மார்க்கில் அடுத்த வருட நாட்காட்டியில் வருகிறது. அட்டையில் வாயைப் பிளந்து நனைந்து நிற்பது நான், கீழே, “கிளாவரை விவசாயி, முதன்முதலாகக் குழாய்த் தண்ணீரைக் கண்ட மகிழ்ச்சியில்.” படம் எவர் கைக்கும் போகாது என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பழனிக்காரர்கள் கேட்டால், தை பிறந்ததும் டென்மார்க்கில் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.