கூரையை மறைத்த பலூன்கள்

ஒரே பாடத்தை வருடக்கணக்கில் நடத்துகிற வாத்தியாருக்கு அந்தப் பாடம் வாயில் மட்டும்தான் இருக்கும். நானே அதற்குச் சாட்சி.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியர். 'அமுக்கம் மாறாதிருக்க, வெப்பநிலை கூடினால் வாயுவின் கனவளவும் கூடும்' என்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு கரும்பலகையில் எழுதிய அதே வாரம், டயகமவிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள்.

வீடு என்றால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா. கூரைத் தகரம் முழுக்க அடுப்புக் கரி. முன்பு வந்த சம்பந்தம் அந்தக் கரியை அண்ணாந்து பார்த்ததோடு முறிந்துபோனது. இதுவும் போனால் இனிப் பெண் தேடி அலைய எனக்குத் தெம்பில்லை. மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். கூரை தெரியாமல் நெருக்கமாகப் பலூன் கட்டிவிடுவது! விடியற்காலைக் குளிரில், பல் கிடுகிடுக்க, ஒவ்வொன்றையும் இனி ஒரு மூச்சுக்கூடத் தாங்காது என்ற அளவுக்கு ஊதினேன். (இடுக்கில் கரி தெரிந்துவிடக் கூடாதே!)

வந்தவர்கள் மழையில் நனைந்து நடுங்கினார்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சட்டி நிறையத் தணலை அள்ளிவந்து நடுவில் வைத்தார். "நல்லாக் குளிர் காயுங்கண்ணே."

முதல் பலூன் வெடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் கூரைக்கரி உதிர்ந்து, பெண்ணின் அப்பாவுடைய வெள்ளை வேட்டியிலும் தேத்தண்ணியிலும் விழுந்தது.

"ஏன் மாப்பிள்ள இப்படி வெடிக்குது?" என்றார் அவர், மூக்கில் கரியோடு.

வாத்தியார் புத்தி எங்கே போகும்? எழுந்து நின்று விளக்கினேன். "சூடு ஏற ஏற உள்ளுக்கு இருக்கிற காத்து பெருக்குதுங்க மாமா. ரப்பருக்கு அதத் தாங்க முடியல."

"இது முந்தியே தெரியுங்களா?"

"செவ்வாக்கெழமதாங்க படிச்சுக் குடுத்தேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். கூரை முழுக்கத் தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இத மறைக்கவா இம்புட்டுப் பாடு? எங்க வீட்டுக் கூர இதவிடக் கறுப்புங்க," என்றார். அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போலிருந்தது. கல்யாணம் நடந்தது.

இப்போது நாங்கள் ஹட்டனில், வெள்ளைச் சீலிங் அடித்த வாடகை வீட்டில் இருக்கிறோம். மாமா வந்தால், முதலில் அண்ணாந்து பார்ப்பார். பிறகு துண்டை விரித்துத் தலையை மூடிக்கொண்டுதான் உட்காருவார். என் மனைவியும் மகளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவேன். மூடி போட்டு.