அடிக்காத கராத்தேக்காரர்

கராத்தேக்காரர்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று அடிக்கிற இனம், மற்றது விளக்குகிற இனம். முதலாவதிடம் அகப்பட்டால் ஓர் எலும்புதான் போகும். இரண்டாவதிடம் அகப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். பிரெஞ்சு நாட்டில் நம் சனம் நெருங்கி வாழும் லாச்சப்பலில் முதலாவது இனத்தை நான் கண்டதில்லை. இரண்டாவது இனத்துடன் ஒரே அறையில் குடியிருந்திருக்கிறேன்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் கவனியுங்கள். நீங்களும் நானும் வாசலால் உள்ளே போகிறோம்; அவர் வாசலுக்கு வணக்கம் வைக்கிறார். கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பை மடித்து, கண்ணைத் தரையில் பதித்து, ஒரு மூச்சை முழுசாக விட்டு, பிறகுதான் நிமிர்வார். அறை வாசல், பலசரக்குக் கடை வாசல், மாடிப்படித் திருப்பத்தில் நாலு குடும்பத்துக்கும் பொதுவான கக்கூஸ் வாசல், ஒன்றுக்கும் பாரபட்சம் கிடையாது. ஒருமுறை மெத்ரோ ரயில் கதவுக்குக் குனிந்தார். நிமிர்ந்து பார்த்தபோது மெத்ரோ போய்விட்டிருந்தது. கவலைப்பட்டாரா? "அது போகுது, நான் நிக்கிறன்," என்றார். வேலைக்குப் பிந்துகிறதே என்று அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

என் அறையில் வாழ்ந்த, அந்த இனத்து மாதிரியின் பெயர் மடுத்தீன். மன்னார்க்காரர். முப்பது தாண்டியவர். ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினார். கராத்தே வகுப்புக்கு ஓர் இலையுதிர் காலம் முழுவதும் போனதாக அவர் சொல்வார். இலை உதிர்ந்து முடிவதற்கு முன்பே அவர் உதிர்ந்துவிட்டார் என்பது அறையின் மூன்றாவது ஆளான தவரத்தினத்தின் சாட்சியம். முழங்கால் வலிதான் காரணம் என்றும் கேள்வி. மடுத்தீனின் விளக்கம் வேறு. வகுப்புத்தான் முடிந்ததாம், கராத்தே முடியவில்லையாம். இடுப்புப் பட்டி கடைசிவரை வெள்ளையாகவே இருந்ததற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: எல்லா நிறமும் வெள்ளைக்குள்தானே கிடக்கிறது?

"கராத்தே எண்டால் அடிபாடு இல்லை, தம்பி."

இப்படித்தான் தொடங்கும். இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் நீங்கள் வெளியே ஓடச் சப்பாத்தைத் தேட வேண்டும். தேடாவிட்டால் பிறகு தெரியவரும், வெங்காயம் உரிப்பது கராத்தே, ஏனென்றால் அங்கே அழுகிறவன் தோற்றவன். கோப்பை கழுவுவது கராத்தே, ஏனென்றால் எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டாமல் அதைச் சுடுநீரில் ஊறவிட்டுக் காத்திருப்பவனே ஞானி. விடியற்காலைப் பனியில் வதிவிட அட்டையான கார்த் செஜூருக்காக வரிசையில் நிற்பது கராத்தே, பத்ரோன், அதாவது முதலாளி, ஏசும்போது தலையைக் குனிந்து அவருடைய சப்பாத்து நுனியைப் பார்ப்பது கராத்தே, அந்தப் பத்ரோன் ஏசி முடித்த பிறகும் குனிந்தே நிற்பது அதைவிடப் பெரிய கராத்தே, நித்திரை கொள்வதோ எல்லாவற்றிலும் பெரியது, ஏனென்றால் எதிரியே இல்லாத நிலை அது. அடிப்பது ஒன்றுதான் கராத்தே இல்லை.

எனக்குப் புதுக்கவிதை வாசிக்கிற பழக்கம் உண்டு. விளங்காத வரியைக் கண்டால் எதிர்த்துக் கேட்காமல் மெதுவாகத் தலையாட்டும் பயிற்சி அதில் கிடைத்திருந்தது. ஆகவே என்னிடம்தான் அவர் அதிகம் பேசினார்.

இந்த இனத்துக்கு ஒரு தலையாய விதி உண்டு. முதல் அசைவு நம்முடையதாக இருக்கக் கூடாது. எதிராளி அசையட்டும், பிறகு பார்க்கலாம். கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? இதோடு ஒரே அறையில் வாழ்ந்து பாருங்கள். குழாய் ஒழுகினால் அவர் முதலில் எழும்பமாட்டார். விளக்கை முதலில் அணைக்கமாட்டார். கதவு தட்டப்பட்டால் அது இன்னொருமுறை தட்டப்படும்வரை மூச்சை வயிற்றில் நிறுத்திக் காத்திருப்பார். தவரத்தினமும் நானும் அசைந்துகொண்டே இருந்தோம். மடுத்தீன் நடுவில் அமர்ந்து வென்றுகொண்டே இருந்தார்.

தோற்றது ஓரிடத்தில் மட்டும். கல்யாணத்தில்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். மாப்பிள்ளை உள்ளுக்குள் துள்ளினாலும் வெளியில் சற்று யோசிப்பவர்போல இருக்க வேண்டும். சும்மாவே மெதுவாகப் போகிற இந்த வண்டியில் கராத்தேயும் ஏறினால் என்ன ஆகும்? முன்பு வந்த சம்பந்தங்களில் பெண் வீட்டார் கேட்டார்கள். அவர் அவர்களுடைய அடுத்த அசைவுக்காகக் காத்திருந்தார். அவர்களுடைய அடுத்த அசைவு வேறு மாப்பிள்ளை பார்த்தது.

இந்த நிலையில்தான் பேர்ளி என்ற பெண்ணின் சம்பந்தம் வந்தது. பேர்ளி புறநகரான சார்செலில் அண்ணன் அம்புறோஸுடன் இருந்தார். ஒரு தையல் பட்டறையில் கோட்டுகளுக்குக் கை பொருத்துகிற வேலை. ஞாயிறு பூசையில் அவரைத் தூரத்தில் கண்டதிலிருந்து மடுத்தீனின் தத்துவம் ஆட்டம் காணத் தொடங்கியது. வெங்காயம் உரிக்கும்போது வெளிப்படையாக அழுதார். சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டுவிட்டு, அதே சட்டைக்குத் திரும்பவும் ஸ்திரிக்கை போட்டார். அவர்கள் மாப்பிள்ளை பார்க்க வரும் நாள் குறித்தபோது, "இதுவும் போச்சுதெண்டால் பிறகு நான் ஒண்டும் கேக்கமாட்டன், தவம்," என்று தவரத்தினத்திடம் சொன்னார். கராத்தே இல்லாமல் அவர் பேசி நான் கேட்ட முதல் வசனம் அது.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் தவரத்தினம்தான். அம்புறோஸுடன் ஒரே சமையலறையில் வேலை செய்பவர். அவர் நிலைமையைத் தெளிவாகவே சொன்னார்.

"அண்ணை, அவையள் நாலரைக்கு ஓல்னேயிலை இன்னொரு மாப்பிள்ளை பாக்கப் போகினம். இஞ்சை ஓம் எண்டால் அங்கை போகமாட்டினம். ஒரு சொல்லுத்தான். ஓம்."

"சொல்லும் ஓர் அசைவுதானே," என்றார் மடுத்தீன்.

தவரத்தினம் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஞாயிறு மதியம் ரோல்ஸ் பொரித்து, மெத்தைகளைச் சுவரோடு சாத்தி, தயாராக நின்றோம். கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். முன்னால் அம்புறோஸ், பின்னால் பேர்ளி. அம்புறோஸ் சப்பாத்தைக் கழற்றினார். கைகளைத் தொடையோடு ஒட்டினார். எங்கள் வாசலுக்குக் குனிந்தார்.

சார்செலிலும் வகுப்பு நடக்கிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மடுத்தீனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவரும் குனிந்தார். இங்கே உங்களுக்கு ஒரு விதி சொல்ல வேண்டும். கராத்தேயில் இருவர் எதிரெதிரே குனிந்தால் மூத்தவர்தான் முதலில் நிமிர வேண்டும். இளையவர் காத்திருக்க வேண்டும். வகுப்பில் சிக்கலில்லை, பட்டியின் நிறம் சொல்லிவிடும். மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் எது சொல்லும்?

"நிமிருங்கோ அண்ணை," என்றார் மடுத்தீன் தரையிடம்.

"நீங்கள் நிமிருங்கோ. நீங்கள் மாப்பிள்ளை," என்றார் அம்புறோஸ், அதே தரையிடம்.

"வயதிலை நீங்கள் மூத்தவர்."

"முறையிலை நீங்கள்."

பிறகு அம்புறோஸ்தான் கேட்டார்.

"என்ன பெல்ட்?"

"வெள்ளை. நீங்கள்?"

"வெள்ளைதான்."

இரண்டு பெருமூச்சுகள் கேட்டன. பட்டியும் கைவிட்ட பிறகு பணிவால் தீர்ப்பதைத் தவிர வழியில்லை. மடுத்தீன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அம்புறோஸ் விடுவாரா? அவரும் குனிந்தார். அறையோ ஒடுக்கமானது, குனியக் குனிய மடுத்தீனின் தலை அம்புறோஸின் முகத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. அண்ணனின் முதுகு வாசலை அடைத்ததால் பேர்ளி படிக்கட்டிலேயே நின்றார். கீழ் மாடிப் பிரெஞ்சுக் கிழவி ஏறி வந்து, என்ன தொலைந்தது என்று கேட்டு, பதில் வராததால் தானும் கொஞ்ச நேரம் தரையில் தேடிவிட்டுப் போனார். ரோல்ஸ் ஆறியது. தவரத்தினம் ஒவ்வொருவர் காதருகிலும் குந்தியிருந்து கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. கராத்தே என்றால் என்ன என்பதை இருவரும் கீழே மெல்லிய குரலில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். முழுக்க உடன்பட்டார்கள். அதுதான் பயங்கரம்.

பேர்ளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணை, ஓல்னேக்கு ரெயினுக்கு நேரமாகுது."

"பொறு பிள்ளை. அவர் நிமிரட்டும்."

பேர்ளி அண்ணனின் முதுகுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் பிடரி மட்டும் தெரிந்திருக்கும்.

"உங்களைத்தான் கேக்கிறன். என்னைக் கட்ட விருப்பமோ, இல்லையோ?"

எங்கள் சனத்தில் பெண் இப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. தவரத்தினம் அப்படியே மெத்தையில் சாய்ந்துவிட்டார்.

"கராத்தேயிலை, பிள்ளை, முதல் அசைவு..." என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"கராத்தேயிலை இல்லை. இஞ்சை."

மடுத்தீனின் காதுகள் சிவந்தன. கைகள் தொடையை விட்டுப் பிரிந்தன. அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எதிராளி அசைவதற்கு முன்னால், யோசிக்காமல், "ஓம்" என்றபடி நிமிர்ந்தார். அந்த ஓமுக்கும் பலத்த ஒரு சத்தத்துக்கும் இடைவெளி இருக்கவில்லை. மேலே இருந்தது அம்புறோஸின் மூக்கு.

ரத்தம் நிற்கச் சற்று நேரம் பிடித்தது. அம்புறோஸ் கட்டில் விளிம்பில் முகத்தை உயர்த்தி, தவரத்தினத்தின் ஈரத் துவாயைப் பிடித்தபடி, ஓல்னேக்குப் போவோம் வா என்று தங்கையிடம் சொன்னார். மடுத்தீன் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். சம்பந்தம் மூக்கோடு போய்விட்டது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

பேர்ளி சப்பாத்துகளைத் தாண்டி உள்ளே வந்தார்.

"இந்த மூக்கோடை அங்கை போய் நிண்டால் அடிபாட்டுக் குடும்பம் எண்டு கதவைச் சாத்துவினம். இருங்கோ. அவர் ஓம் எண்டு சொல்லிப்போட்டார்."

பிறகு அடுப்பு எங்கே என்று என்னிடம் கேட்டார்.

கல்யாணம் ஆகி இப்போது இருவரும் சார்செலில் இருக்கிறார்கள். மடுத்தீன் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? தான் அன்று அசையவே இல்லை, அசைந்தது அம்புறோஸின் மூக்குத்தான் என்று விளக்குகிறார். அம்புறோஸும் ஆமோதிக்கிறார்; தங்கையின் கல்யாணத்தில் அவர் பேசியபோது, தக்க நேரத்தில் மூக்கைக் கொடுப்பதுதான் கராத்தேயின் உச்சம் என்றார். மண்டபமே கைதட்டியது. பேர்ளி மட்டும் பந்திக்கு நேரமாகிறது என்றார்.

உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை. எனக்குத் தெரியும். நீங்கள் கராத்தே வகுப்பின் வாசலையே மிதித்ததில்லை. சண்டை போட்ட நண்பன் முதலில் பேசட்டும் என்று நீங்கள் இருப்பது சுயமரியாதை. கூட்டத்தில் வேறு யாராவது எழும்பிக் கேட்கட்டும் என்று இருப்பது பண்பு. பிடித்தவரிடம் பிடித்திருக்கிறது என்று சொல்லாமல் வருடக்கணக்காக இருப்பது, அது நிச்சயமாகப் பொறுமைதான். ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். இதைப் பக்கத்தில் இருப்பவரும் உங்கள் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வந்து தொண்டையில் நிற்கிறது. அப்படியிருக்க, ஏன் அவருடைய முகத்தைப் பார்க்கிறீர்கள்?