நாலு பூட்டும் பதினொரு விதியும்

பட்டியல் போடுவது எனக்கு ஒரு வியாதி. அது ஒருமுறை என்னை உயிரோடு பூட்டி வைத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் முடித்து, பதுளையில் ஒரு சின்ன வங்கிக் கிளையில் சேர்ந்திருந்தேன். அதுவரை சேமிப்புக் கணக்கு மட்டும் பார்த்த கிளை, அந்த வருஷம் நகை அடகு, விவசாயக் கடன் என்று விரிந்தது. பலவாகப் பிரித்தால் ஆபத்து குறையும் என்று நான் படித்திருந்தேன் (அரைகுறையாக).

"சேர், பெட்டக அறைச் சாவி உங்க ஒருத்தர்கிட்டயே இருக்கிறது ஆபத்து. நாலு பேருக்குப் பிரிச்சிடலாம்" என்றேன் மனேஜரிடம்.

"நாலு பேர்ல ஒருத்தர் வராட்டி?"

"அதுக்கும் விதி எழுதியிருக்கேன் சேர்."

இரும்புக் கதவில் நாலு பூட்டு தொங்கின: மனேஜருக்கு, அடகுப் பிரிவு புஷ்பம் அக்காவுக்கு, கடன் பிரிவு ஃபாரூக் நானாவுக்கு, எனக்கு. விதிகள் பதினொன்று. அவரவர் பூட்டை அவரவர் பூட்ட வேண்டும். யாராவது மறந்தால் அவர் பூட்டைக் காவல்காரர் முனியாண்டி அண்ணன் அமுக்கிப் பூட்டிவிட வேண்டும்.

இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை. உள்ளே கடைசி அலமாரிக்குப் பின்னால் நகைப் பொட்டலங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தேன். 'டக்' என்றது ஒரு பூட்டு. இன்னொரு 'டக்'. மூன்றாவது 'டக்'. திட்டம் எவ்வளவு அழகாக நடக்கிறது என்று பூரித்துப்போனேன். நாலாவது 'டக்' கேட்டதும்தான் உறைத்தது. நாலாவது பூட்டு என்னுடையது.

முன்பெல்லாம் மனேஜர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். இப்போது நாலு பேர். மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள். எட்டிப் பார்ப்பது யார் வேலை என்று பதினொரு விதியில் ஒன்றிலும் நான் எழுதவில்லை.

அறையின் நீள அகல உயரத்தைப் பெருக்கி, எத்தனை மணி நேரத்துக்குக் காற்று இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று தடவை போட்டதில் மூன்று விடை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவு. அழுதால் காற்று வீணாகுமே என்று அழக்கூடப் பயந்தேன். கடைசியில் கதவைத் தட்டித் தீர்த்தேன்.

"யாரது?" வெளியே முனியாண்டி அண்ணனின் குரல்.

"நான்தாண்ணே! தொறங்க!"

"மிஸ்ஸா? நாலு பேரும் வெளிய ஒண்ணா நின்னாத்தான் தொறக்கணும்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

"மத்தவங்க எங்க?"

"சேர் பண்டாரவளைக்குப் போயிட்டாரு. நானா நமுனுகுல பக்கம். அக்கா அப்புத்தளை ரயில்ல. இனி திங்கக்கிழமைதான்."

"அண்ணே, நான் செத்துருவேன்."

"சாகுறதுக்கு விதி எழுதலையே மிஸ். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சுத்தியல் சத்தம் கேட்டது. ஐந்தே நிமிடத்தில் கதவு பூட்டில்லாத பக்கமாகத் திறந்தது. அண்ணன் கையில் கீல்களின் இரண்டு ஆணிகள். நாலு பூட்டும் பூட்டியபடியே தொங்கின.

"தேயிலை பெக்டரியில சாவி தொலைஞ்சா இப்படித்தான்" என்றார்.

வெளியே வந்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எத்தனையோ தோட்டத்து லயத்துப் பெண்கள் அடகு வைத்த தாலிக்கொடி இந்த இரண்டு ஆணியை நம்பியா இருந்தது! உள்ளே இருந்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. கீலைப் பழையபடி மாட்டி, திங்கட்கிழமை விடியும்வரை இருவரும் வாசலைவிட்டு நகரவில்லை.

மனேஜர் வந்ததும் முதலில் கீல் ஆணிகளை வெல்டிங் வைத்து ஒட்டவைத்தார். அப்புறம் என் விதிகளைக் கிழித்தார்.

இன்றைக்கும் வீட்டில் ஒரு கல்யாணம் என்று நான் வேலைகளைப் பிரித்து எழுத உட்கார்ந்தால், தம்பி விடமாட்டான். "சமையலுக்கு ரெண்டு பேர், பந்திக்கு மூணு பேர், எல்லாம் சரி அக்கா. கீலை யாரு பாக்குறது?"